கரிசலின் மேல் தூவிய வெண்பொடி: புனேயின் தரையோரக் காலநிலை ஆய்வும் வாகட்டின் கான்கிரீட்டும்

புனே நகரின் சிவாஜிநகர்ப் பகுதியில் 'சிம்லா ஆபீஸ்' என்று வழங்கும் நாற்சந்தி ஒன்று உண்டு. சிம்லாவுக்கும் புனேவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. ஆயினும் பெயருக்குக் காரணம் உண்டு. 1875இல் தொடங்கப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு இடம்பெயர்ந்தது. 1944இல் அது தில்லிக்குச் சென்றுவிட்டது. மக்கள் நாவில் ஏறிய பெயர் மட்டும் சிவாஜிநகரிலேயே தங்கிவிட்டது.

தலைமையகம் புனேயில் இருந்த அந்தப் பதினாறு ஆண்டுகளில் இந்திய வானிலையியலில் ஒரு புதிய கிளை வேர்கொண்டது. மேகம், காற்றழுத்தம், பருவக்காற்று ஆகியவற்றின் மீதே அதுவரை பதிந்திருந்த கவனத்தின் ஒரு பகுதி தரையை நோக்கித் திரும்பியது. மண்ணுக்கு மேலே சில அடி, மண்ணுக்குக் கீழே சில அடி என்ற குறுகிய எல்லைக்குள் வெப்பமும் ஈரமும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அந்த ஆய்வின் பொருள். வெப்ப அலைகளும் கான்கிரீட் நகரங்களும் பேசுபொருளாகியுள்ள இக்காலத்தில், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த ஆய்வுகள் மீண்டும் வாசிக்கத்தக்கவை. நகரங்களுக்கான கட்டுமானப் பொருள்களைத் தேர்வது பற்றி இன்று நடைபெறும் விவாதத்தில் விடுபட்டுப்போகும் ஒரு கேள்வியை அவை முன்வைக்கின்றன.

இந்தக் கிளை தோன்றியதன் பின்னணி வேளாண்மை. 1926இல் அமைக்கப்பெற்று, லின்லித்கோ பிரபுவின் தலைமையில் இயங்கிய வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தன் அறிக்கையை அளித்தது. வானிலைக்கும் பயிருக்கும் உள்ள உறவை முறையாக ஆராய வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. 1932இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல்.ஏ. ராமதாஸ் (1900–1979). கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் ஒளிச்சிதறல் ஆய்வில் பயின்று, 1926இல் வானிலைத் துறையில் சேர்ந்தவர் அவர். இந்திய வேளாண் வானிலையியலின் தந்தை என்று துறையினர் அவரைக் குறிப்பிடுவது வழக்கம். வேளாண் கல்லூரியின் நிலத்தில் அமைந்த கண்காணிப்பு நிலையமே அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று.

அவருடைய பணியின் தனித்தன்மை விளங்க வேண்டுமானால், வானிலை நிலையங்கள் வெப்பநிலையை அளக்கும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாளிதழில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், வெள்ளை வண்ணம் பூசிய, காற்றுப் புகும் மரச்சட்டப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவதாகும். இப்பெட்டியை 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். வெயில் நேரே படக்கூடாது. தரையின் சூடு எட்டக்கூடாது. சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கியிருக்கக்கூடாது. கீழே இயன்றவரை புல்தரையாக இருக்க வேண்டும். இவையெல்லாம் முறையான விதிகளே. சென்னையின் அளவீட்டையும் லண்டனின் அளவீட்டையும் ஒப்பிட வேண்டுமானால் உள்ளூர் வேறுபாடுகளை விலக்கியாக வேண்டும். ஆனால் பயிர் வளர்வது அந்தப் பெட்டிக்குள் இல்லை. முளைவிடும் விதையும் தரையோடு ஒட்டிய இலையும் வரப்பில் உட்கார்ந்திருக்கும் உழவரும் இருப்பது, விதிகள் விலக்கிவைத்த அந்தப் பகுதியில்தான்.

தரையோரக் காற்றுக்கெனத் தனி இயல்பு உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கைகர் 1927இல் ஒரு நூலாகவே எழுதியிருந்தார். நுண்காலநிலையியல் என்று இன்று அறியப்படும் துறைக்கு அந்நூல் அடித்தளம். கைகர் கண்டது ஐரோப்பாவின் காடுகளையும் வயல்களையும். ராமதாஸும் அவருடன் பணியாற்றியோரும் கண்டது வெப்பமண்டலத்தின் திறந்த வெளிகளை, சிறப்பாகத் தக்காணத்தின் கரிசலை.

1932இல் ராமதாஸும் எஸ். ஆத்மநாதனும் இணைந்து ஜெர்மானியப் புவியியற்பியல் இதழொன்றில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டனர். மேகமற்ற, காற்று அசையாத இரவுகளில் எடுத்த அளவீடுகள் அதில் இருந்தன. அக்கால அறிவியலின்படி இரவில் மிகக் குளிர்ந்திருக்க வேண்டியது தரையே. பகலில் உள்வாங்கிய வெப்பத்தைத் தரை வானத்தை நோக்கி உமிழ்ந்து குளிரும். அதனைத் தொட்டிருக்கும் காற்று அடுத்துக் குளிரும். மேலே செல்லச் செல்ல வெப்பநிலை கூடும். இதுவே பாடநூல் கூறியது. அவ்விருவரின் அளவீடுகளோ வேறொன்றைக் காட்டின. மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லை. தரைக்கு மேலே சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது முழங்கால் அளவிலும் அதற்குக் கீழும், நிலவியது. தரை அதைவிடச் சூடாக இருந்தது.

இம்முடிவை ஏற்பதில் உலகெங்கும் தயக்கம் இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. கீழே சூடான காற்றும் மேலே குளிர்ந்த காற்றும் இருந்தால் இரண்டும் உடனே கலந்துவிட வேண்டும். அவ்வாறிருக்க இந்த அடுக்கு இரவு முழுவதும் எப்படி நிலைக்கும்? வெப்பமானியே வானத்தை நோக்கி வெப்பத்தை உமிழ்ந்து குறைத்துக் காட்டியிருக்கலாம். அல்லது பக்கத்து நிலத்தின் குளிர்காற்று நகர்ந்து வந்திருக்கலாம் என்று ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. கருவியின் பிழையையும் இயற்கையின் புதுமையையும் பிரித்தறிவது அறிவியலில் எக்காலத்தும் கடினம்.

விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1950களில் இங்கிலாந்தில் லேக் என்பவர் வெற்று மண்ணின் மேல் இதே போக்கைக் கண்டார். ராஷ்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் புனேயின் வெற்று நிலத்திலேயே அளவீடுகள் எடுத்து, 1957இல் ராமதாஸின் கண்டறிதலை உறுதிப்படுத்தி எழுதினார். கோட்பாட்டு விளக்கம் 1993இல் வந்தது. பெங்களூரைச் சேர்ந்த வாசுதேவ மூர்த்தி, சீனிவாசன், ரோத்தம் நரசிம்மா ஆகியோர், தரையின் கதிர்வீச்சுப் பண்பையும் காற்று நேரடியாக வானத்தை நோக்கி வெப்பம் இழப்பதையும் இணைத்து ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். பிற்பாடு, ஜவஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தில் கே.ஆர். சீனிவாஸ், கணேஷ் சுப்பிரமணியன் ஆகியோரின் குழு 1993 கோட்பாட்டைக் கேள்விக்குட்படுத்தியது. தரையை ஒட்டி மிதக்கும் நுண்துகள்களே அந்தக் காற்றடுக்கை மிகையாகக் குளிரச் செய்கின்றன என்பதைக் களத்திலும் ஆய்வகத்திலும் செய்த சோதனைகளால் அது வாதிட்டது. 1932இன் இரண்டு பக்கக் குறிப்பு 80 ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்விதழ்களில் விவாதப்பொருளாக இருந்தது. 'ராமதாஸ் அடுக்கு', 'ராமதாஸ் முரண்' என்ற பெயர்கள் துறையில் நிலைபெற்றுவிட்டன.

இந்த நீண்ட விவாதத்தில் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. தரை எத்தகையது என்பதைப் பொறுத்தே அதன் மேலுள்ள காற்றின் வெப்பநிலை அமைகிறது. அதன் நிறம், ஈரம், சொரசொரப்பு, வெப்பத்தைக் கடத்தும் திறன், உமிழும் திறன் ஆகிய அனைத்தும் கணக்கில் சேரும்.

இரவு அளவீட்டைக் காட்டிலும் இக்காலத்துக்கு நெருக்கமானது ராமதாஸ் குழுவின் மற்றொரு பணி. 1936இல் ராமதாஸும் ஆர்.கே. திராவிடும் மண்ணின் வெப்பநிலை குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நிலத்தின் மேல் விழும் சூரிய ஆற்றல் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது அவர்களின் கேள்வி. ஒரு பங்கு எதிரொளியாகத் திரும்புகிறது. ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது. ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்குகிறது. எஞ்சியது கதிர்வீச்சாக வானுக்குச் செல்கிறது. வீட்டுக் கணக்கில் வரவும் செலவும் நேராவதுபோல இங்கும் நேராக வேண்டும். இக்கணக்கைச் சோதிக்க அவர்கள் கையாண்ட வழி மிக எளியது. புனேயின் கரிசல் மண்ணின் மேல் வெண்ணிறச் சுண்ணப்பொடியை மெல்லிய படலமாகத் தூவினர். அருகிலிருந்த வெற்றுக் கரிசலோடு ஒப்பிடுகையில், பொடி தூவிய மண்ணின் பகல்நேர வெப்பநிலை கணிசமாகக் குறைந்தது. குறைவு மேற்பரப்போடு நிற்கவில்லை, கீழடுக்குகளிலும் இறங்கியது. மண் அதே மண், வெயிலும் அதே வெயில். மாறியது மேற்பரப்பின் நிறம் மட்டுமே.

'குளிர்கூரை' என்று இன்று பேசப்படும் தொழில்நுட்பத்தின் இயற்பியல் முழுவதும் இந்தச் சோதனையில் அடங்கியிருக்கிறது. புதிய தார்ப்பரப்பு தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டையே திருப்பி அனுப்பும். புதிய வெள்ளைப் பூச்சு 70 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்ப வல்லது. 2010 மே மாதத்து வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. சில ஆண்டுகளில் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெண்சுண்ணம் பூசும் பணியையும் அதில் சேர்த்தது. தெலங்கானா அரசு 2023 முதல் 2028 வரைக்கான குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தமிழகத்துப் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளமிட்டு, அதன்மேல் தட்டோடு பதித்த வழக்கமும், பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்த வழக்கமும் இதே கணக்கைக் கைப்பழக்கத்தால் அறிந்தவை.

வெப்பத்துக்குத் தமிழில் உள்ள சொற்களும் இவ்விடத்தில் கருதத்தக்கவை. வெயில், வெக்கை, புழுக்கம் ஆகிய மூன்றும் ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றினும் வழக்கில் வேறானவை. வானிலிருந்து நேரே விழுவது வெயில். பொழுது சாய்ந்தபின் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கிளம்புவது வெக்கை. வியர்வை உலராமல் உடலை வாட்டுவது புழுக்கம். இயற்பியல் இவற்றை முறையே சூரியனின் குற்றலைக் கதிர்வீச்சு, பரப்புகள் உமிழும் நெட்டலைக் கதிர்வீச்சு, காற்றின் ஈரப்பதம் என்று பிரித்து அளக்கிறது. நாளிதழ் தரும் 'அதிகபட்ச வெப்பநிலை' என்ற ஒற்றை எண்ணால் இம்மூன்றையும் பிரித்துக் காட்ட இயலாது. குறிப்பாக வெக்கையை அந்த எண் தன் அமைப்பினாலேயே விலக்கிவிடுகிறது. ஸ்டீவன்சன் பெட்டியின் நோக்கமே தரையும் சுவரும் உமிழும் சூட்டை வெப்பமானியிடமிருந்து மறைப்பதல்லவா?

இந்தப் பின்னணியில் வாகட்டைப் பார்க்கலாம். புனேயின் வடமேற்கில், முளா ஆற்றங்கரையில் அமைந்த வேளாண் சிற்றூராக இருந்தது வாகட். 1997இல் சுற்றுவட்டாரச் சிற்றூர்களோடு சேர்ந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஹிஞ்சவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்தபின், அங்குப் பணிபுரிவோருக்கான அடுக்ககங்களால் நிறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பொறியாளர் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன. கரும்பும் சோளமும் விளையும் தக்காண நிலத்தின் ஒரு துண்டு, ஒரு தலைமுறைக்குள் தாரும் கான்கிரீட்டும் கண்ணாடியுமாக மாறியது. ராமதாஸின் மொழியில் சொல்வதானால், சூரிய ஆற்றலின் பங்கீட்டுக் கணக்கு அங்குத் தலைகீழாகத் திருத்தி எழுதப்பட்டது.

கரிசலும் கருநிறந்தான், அதுவும் வெயிலை மிகுதியாக உள்வாங்கும். ஆனால் அதனிடம் ஈரம் உண்டு. தெளிந்த பருவத்தில் புனேயின் மண்ணுக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையே நிகழும் ஈரப் பரிமாற்றத்தை ராமதாஸும் கட்டியும் 1934இலேயே ஆராய்ந்திருந்தனர். உள்வாங்கிய ஆற்றலின் ஒரு பகுதியை ஆவியாதலில் செலவிட்டு மண்ணும் பயிரும் சூட்டைத் தணிக்கின்றன. தாருக்கும் கான்கிரீட்டுக்கும் அந்த வழி இல்லை. மழைநீர் வடிகாலில் ஓடிவிடுகிறது. ஆவியாதற்கென ஒன்றும் எஞ்சுவதில்லை. பகலில் தேங்கிய வெப்பம் இரவில் வெளிவரும்போது, எதிரெதிரே நிற்கும் உயர்ந்த சுவர்கள் அதனை வானத்துக்கு விடாமல் தம்முள் மாற்றிக்கொள்கின்றன. ராமதாஸ் கண்ட திறந்த வெளியின் குளிர்ந்த இரவு அடுக்கு அத்தகைய தெருக்களில் உருவாக வாய்ப்பே குறைவு.

நகரத்தின் வெப்பநிலை சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருப்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் 1818லேயே பதிவு செய்தார். புனே, மும்பை ஆகிய நகரங்களின் வெப்பநிலைப் பரவலை டேனியலும் கிருஷ்ணமூர்த்தியும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1973இல் வெளிவந்தது. ஆகவே, ஹிஞ்சவடியும் வாகட்டும் நகராவதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு முன்னரே, அதே நகரத்தின் ஆய்வாளர்களிடம் இந்த அறிவு இருந்தது. கட்டட அனுமதி வழங்கும் மேசையை அது சென்றடையவில்லை.

அதன் விளைவு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. குளிர்சாதனம் பொருத்திய வீட்டில் இருப்பவர் தம் அறையின் வெப்பத்தைத் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார். அந்த அடுக்ககத்தைக் கட்டும் தொழிலாளர் குடும்பம் தகரக் கொட்டகையில் இரவைக் கழிக்கிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன அறிஞர்கள் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. பசுமைக்குடில் வாயு உமிழ்வு மிக உயர்ந்த நிலையில் தொடருமானால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் வெம்மையான பகல்களின் நிகழ்வு 55 விழுக்காடும் வெம்மையான இரவுகளின் நிகழ்வு 70 விழுக்காடும் கூடக்கூடும் என்றும் அது கணிக்கிறது. பகலைவிட இரவுக்கான எண் பெரிது என்பது கவனத்துக்குரியது. பகலில் வெயிலில் உழைத்த உடல் தன்னை மீட்டுக்கொள்வது இரவில்தான்.

இக்கதையில் பொருளறிவியலுக்கும் பங்குண்டு. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. சூளையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளின் வாயுவோடு கல்லுக்குள் இருந்த வாயுவும் வெளியேறுகிறது. இதனைக் குறைக்க, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து, கிளிங்கரின் பங்கைப் பாதியளவுக்குக் குறைக்கும் எல்சி3 என்ற சிமென்ட் உருவாக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து, கியூபா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களோடு சென்னை, தில்லி ஐஐடிகளின் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். வழக்கமான சிமென்ட்டைவிட இதன் கரிம உமிழ்வு 30 முதல் 40 விழுக்காடு குறைவு. இதற்கான இந்தியத் தர நிர்ணயம் 2023இல் வெளிவந்தது. இது மெய்யான முன்னேற்றம்.

ஆயினும் கரிமம் குறைந்த சிமென்ட்டால் கட்டிய நகரமும் சூடான நகரமாக இருக்கலாம். ஒரு கட்டுமானப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அதனை ஆக்கும்போது எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பது ஒன்று. அது ஆண்டாண்டுக் காலம் வெயிலில் கிடந்து, தன்மேலுள்ள காற்றை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வி பொருளறிவியல் ஆய்வகங்களில் கேட்கப்படுகிறது; இரண்டாவது வானிலையியலில் கேட்கப்படுகிறது. ஒரே அட்டவணையில் இரண்டுக்கும் விடை எழுதும் ஆய்வு அரிது. 1930களின் புனே ஆய்வுகளிடமிருந்து பெற வேண்டியது இந்த இரண்டாம் கேள்வியைத்தான்.

வெள்ளைப் பூச்சு ஒன்றே தீர்வு என்று முடிவுகட்டவும் இடமில்லை. தூசி படிந்தால் எதிரொளிக்கும் திறன் குறையும், மழையில் கரையும், மீண்டும் மீண்டும் பூச வேண்டும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் சாலைகளுக்கு வெளிர்பூச்சு இட்டபோது சாலையின் பரப்பு குளிர்ந்தது. ஆனால் திரும்பிய ஒளி நடுப்பகலில் நடப்போர்மீது பட்டு, அவர்கள் பெறும் கதிர்வீச்சைக் கூட்டியதை ஆய்வாளர்கள் கண்டனர். கூரைக்குப் பொருந்துவது தெருவுக்குப் பொருந்தாது போகலாம். தெருவுக்கு வேண்டியது மரநிழலும் நீர் இறங்கும் மண்ணுமாக இருக்கலாம். எங்கு எது பொருந்தும் என்பதை அந்தந்த இடத்தில் அளந்துதான் அறிய முடியும்.

அளப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலும் அன்று. முளா ஆற்றங்கரையில் கட்டடம் எழாத ஒரு மண்பரப்பு, ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடி, ஒரு தார்ச்சாலையின் ஓரம், ஒரு தகரக் கொட்டகையின் உட்புறம் ஆகிய நான்கு இடங்களைக் கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் தரையிலும், ஓரடி உயரத்திலும், நான்கடி உயரத்திலும் உணர்விகளை வைத்து, மார்ச் முதல் ஜூன் வரை இரவும் பகலும் பதிவு செய்தால் ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக்குப் போதுமான தரவு கிடைக்கும். வாகட்டுக்குச் சொன்னது வேளச்சேரிக்கும் கோவையின் புறநகருக்கும் பொருந்தும். அங்கெல்லாம் மண் மூடப்படுவதற்கு முன்பே ஒரு பதிவு இருக்குமானால், மூடப்பட்டபின் இழந்தது என்ன என்பதை எண்ணால் காட்ட முடியும். ராமதாஸும் ஆத்மநாதனும் எழுதியது இரண்டே பக்கம். அளவீடு சரியாக இருந்ததால், 80 ஆண்டு ஐயத்தையும் அது தாங்கி நின்றது.